57 வயதில் டீ மேக்கர் ஒருவர் புதிதாக எதைத் தொடங்கலாம்?

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 57. இத்தனை வருடமும் சி.டி.சி, அதாவது டீக்கடைக்குப் போகும் குருணைத் தூள், மட்டும்தான். "கை தானாக வேலை செய்கிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது. மகன் ஸ்பெஷாலிட்டி டீ செய்து பாருங்கள், சின்ன ரோலர் வாங்கித் தருகிறேன் என்கிறான். இந்த வயதில் புதிதாக ஒன்று வருமா? மூக்கும் நாக்கும் ஒத்துழைக்குமா? ஷிஃப்டில் இருக்கும் பையன்கள் சிரிக்க மாட்டார்களா?" இதுதான் கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்பெஷாலிட்டி டீ, அதாவது சிறிய அளவில் பக்குவமாகச் செய்யும் சிறப்புத் தேயிலை பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை. வேலையில் இருந்த ருசி போய்விட்டது, அது வயதால் போனதா, வேலையால் போனதா, திரும்ப வருமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். குன்னூரில் ஏலத் தரகு நிறுவனம் ஒன்றின் டேஸ்டிங் அறையில் பல வருடம் இருந்தவன் நான். அதன் பிறகு டீ மேக்கர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். தேயிலை சம்பந்தப்பட்டதை உறுதியாகச் சொல்வேன். மூளை, மூக்கு பற்றிச் சொல்வதெல்லாம் படித்தது. நான் மருத்துவன் இல்லை.

முதலில் ஒன்றை விலக்கிவிடுவோம். வருடக்கணக்காக ராத்திரி ஷிஃப்ட் பார்த்த உடம்புக்குத் தூக்கம் கெட்டிருக்கும். ரோலர் சத்தத்தில் காது மந்தமாகியிருக்கலாம். தூளைச் சல்லடையில் சலிக்கும் அறையில் பறக்கும் தூசு மூச்சைப் பாதித்திருக்கலாம். சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வு இவையெல்லாமும் "எதிலும் நாட்டமில்லை" என்ற ஒரே உருவத்தில்தான் வரும். வேலையில் மட்டும் சலிப்பு, வீட்டுக்கு வந்தால் தோட்டத்திலும் பேரப்பிள்ளையிடமும் மனசு ஒட்டுகிறது என்றால் மேலே படியுங்கள். எதிலுமே ஒட்டவில்லை என்றால், முதலில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். புது வகைத் தேயிலை அதற்கு மருந்தாகாது.

இப்போது வேலைக்கு வருவோம். சி.டி.சி முறையின் பெருமையே, இன்றைக்கும் நாளைக்கும் ஒரே தூள் தருவதுதான். 1930களின் தொடக்கத்தில் அசாமில் உருவான இயந்திரம் அது. பல் வைத்த இரண்டு ரோலர்கள் வேறு வேறு வேகத்தில் சுழன்று இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிவிடும். இலையின் செல்கள் கிட்டத்தட்ட எல்லாமே உடைந்துவிடுவதால் காற்றுபட்டுச் சிவப்பது வேகமாக நடக்கிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் நிறம் வந்து டிரையருக்குப் போய்விடும். கிடைப்பது பாலுக்கு ஈடு கொடுக்கும் அடர்த்தியான தேநீர். டீக்கடைக்கு அதுதான் வேண்டும். குன்னூர் ஏலத்தில் வாங்குபவர் உங்கள் தொழிற்சாலை மார்க்கைப் பார்த்ததும் போன வாரம் வாங்கிய அதே தூளைத்தான் எதிர்பார்ப்பார். ஆக, உங்கள் திறமையின் அளவுகோலே "மாறாமல் இருப்பது" என்று ஆகிவிட்டது. வாட்டத்தில், அதாவது இலையை வாடவிட்டு எடுக்கும்போது, ஈரம் 70 சதவீதத்துக்குப் பக்கம், டிரையரிலிருந்து வரும்போது 3 சதவீதம். இடையில் எல்லாமே உங்களுக்கு மனப்பாடம். இப்படிப்பட்ட வேலையில் இத்தனை வருடம் நின்றவருக்குக் கவனம் தளர்வது இயல்புதான். மனசு வேறெங்கோ போகும் அளவுக்குக் கை தேறிவிட்டது என்றுதான் இதற்குப் பொருள். உங்களிடம் குறை எதுவும் இல்லை.

ஆனால் இதில் ஒரு நஷ்டம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஷிஃப்ட் ஆரம்பத்தில் டிராஃபில் (இலையை வாட்டப் பரப்பும் நீளத் தொட்டி) கையை விட்டு இலையைப் பிடித்து, விட்டு, முகர்ந்து பார்க்கும் பழக்கம் மெல்லப் போய்விடும். ஈரப்பதமானி காட்டுவதைப் பார்த்தால் போதும் என்று தோன்றிவிடும். கப்பில் முதலில் தெரிவது இந்தத் தளர்ச்சிதான். பல தொழிற்சாலைத் தூள்களை வாரா வாரம் ருசி பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: இயந்திரம் அதே, இலை வரும் ஊர்களும் அதே, ஆனால் கப்பில் உயிர் குறைந்திருக்கும்.

57 வயதில் கற்க முடியுமா என்பதில் இரண்டு விஷயம் ஓரளவு நிலைபெற்றவை. புதிய தகவலை வாங்கிச் செயல்படும் வேகம் வயதோடு குறைகிறது. சேர்த்து வைத்த அறிவும் அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லும் திறமையும் அறுபதைத் தாண்டியும் நன்றாக நிற்கின்றன. அதனால் முற்றிலும் அந்நியமான ஒன்றை இளைஞரோடு போட்டி போட்டுக் கற்பது கடினம். தெரிந்த தொழிலின் பக்கத்து அறைக்குள் நுழைவது அவ்வளவு கடினமில்லை. சேர்த்து வைத்ததெல்லாம் அங்கே உதவிக்கு வரும்.

புதிதாகக் கற்பது மூளைக்கு நல்லதா என்பது இதற்கு அடுத்த படி. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் என்பவரின் குழு நடத்திய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. 60 வயது தாண்டியவர்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமரா, சிலருக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது, சிலருக்கு இரண்டும் என்று மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார்கள். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள். அதே மூன்று மாதம் கூடிப் பேசிப் பொழுது கழித்தவர்களைவிட இவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது. இதில் நான் முக்கியமாக எடுத்துக்கொள்வது, சும்மா மகிழ்ச்சியாகப் பொழுது போக்கியதை விட, திணறித் திணறிக் கற்றதுதான் வேலை செய்தது என்பதை. ஆனால் அவர்கள் அளந்தது நினைவாற்றலை. பழைய வேலையில் ருசி திரும்புமா என்று யாரும் அங்கே அளக்கவில்லை. பத்து வருடம் கழித்து மறதி நோய் வராமல் காக்குமா என்பதற்கும் இது பதில் இல்லை. அப்படி யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

மூக்கு விஷயம் உங்களுக்கு முக்கியம். அறுபதை ஒட்டி வாசனை உணர்வு குறையத் தொடங்குவது பொதுவான விஷயம்தான். நாக்கு அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. நாம் தேநீரை உறிஞ்சிக் குடிப்பதே அதன் ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுவதற்காகத்தான் என்பதால், மூக்கு தளர்ந்தால் ருசியே தளர்ந்த மாதிரி இருக்கும். ஆனாலும் வயதான டேஸ்ட்டர்கள் தொழிலில் நிற்கிறார்கள். மங்கலாக வரும் வாசனையையும் அடையாளம் கண்டு பெயர் சொல்ல அவர்களின் நினைவு உதவுகிறது. ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வாசனை உணர்வை இழந்தவர்களை ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் பன்னிரண்டு வாரம் முகரச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு உணர்வு முன்னேறியது. யூகலிப்டஸ் நம் ஊரில் காய்ச்சும் தைலம்தான், வீட்டிலேயே இருக்கும். ஆய்வு நோயாளிகளிடம் நடந்தது, வயதால் மெல்லக் குறைந்தவருக்கும் அதே பலன் வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் செலவும் கெடுதலும் இல்லாத பயிற்சி, செய்து பாருங்கள். திடீரென்று வாசனையே தெரியாமல் போனால் மட்டும் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சரி, எதைச் செய்வது? என் பதில் ஒன்றுதான். ரோலர் வாங்காதீர்கள், கைகளால் உருட்டுங்கள். இரண்டு கிலோ இலை போதும். தொழிற்சாலைக்கு வரும் இலையில் கை வைக்க முதலாளியின் அனுமதி வேண்டும். அதைவிட, வீட்டுப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருந்தால் அதிலேயே ஆரம்பியுங்கள், நம் பக்கம் பெரும்பாலோருக்கு அரை ஏக்கராவது இருக்கும். இரண்டு இலை ஒரு மொட்டு, காலையில் பனி காய்ந்த பிறகு, கையால் கிள்ளியது. கத்திரியால் வெட்டியது வேண்டாம். முற்றிய இலை ஒன்றிரண்டு கலந்தாலும் கையால் உருட்டும்போது அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இலையை மூங்கில் தட்டிலோ சுத்தமான துணியிலோ ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி, வெயில் படாமல், இரவு முழுக்க விடுங்கள். நீங்கள் சி.டி.சிக்கு வாட்டுவதை விட இதற்கு அதிகம் வாட வேண்டும். காம்பை மடக்கினால் ஒடியக் கூடாது, கையில் பிடித்து விட்டால் துணி மாதிரி மெல்ல விரிய வேண்டும். அப்புறம் பாய் மேல் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் ஒரே திசையில் உருட்டுங்கள். முதல் கால் மணி நேரம் மெதுவாக, பிறகு அழுத்தி. சாறு கையில் பிசுபிசுக்கும். இடையிடையே கட்டியை உதிர்த்துவிடுங்கள். இங்கே செல்களில் ஒரு பகுதிதான் உடைகிறது, எல்லாம் உடைவதில்லை. வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது. சிவப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரமும் ஆகலாம், நம் குளிருக்கு இன்னும் கூடவும் ஆகலாம். ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை முகருங்கள். முதலில் வெட்டிய புல் வாசனை. அது அடங்கி ஆப்பிள் மாதிரி ஒன்று எழும்பும். அதன் பிறகு பழுத்த பழமோ பூவோ, அன்றைய இலையைப் பொறுத்தது. அந்த வாசனை உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். கடிகாரம் இதற்கு உதவாது. டிரையர் ஓரத்தில் சல்லடைத் தட்டிலோ, வீட்டு அவனில் 100 டிகிரிப் பக்கமோ வைத்துக் காய விடுங்கள். காம்பு மொடுக்கென்று ஒடிந்தால் ஆயிற்று. இரண்டு கிலோவுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ கிடைக்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்களுக்குத் தெரிந்த வேலையில் முக்கியமாக ஒரே ஒரு கட்டம்தான் மாறுகிறது. இலை அதே, வாட்டம் கொஞ்சம் கூடுதல், உலர்த்துவது அதே, நடுவில் இயந்திரத்துக்குப் பதில் கை. ஆனால் அந்த ஒரு மாற்றம் உங்கள் மூக்கை மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுகிறது. பயிற்சிக்கு வந்த மூத்த டீ மேக்கர்கள் சிலரிடம் நான் கண்டது இதுதான்: கையால் உருட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளில் தொழிற்சாலை டிராஃபில் கையை விட்டு முகர ஆரம்பித்துவிடுகிறார்கள். மழை நாள் இலைக்கும் வெயில் நாள் இலைக்கும் வாட்ட நேரத்தை மாற்றச் சொல்லி ஷிஃப்ட் ஆட்களிடம் வாதாடுகிறார்கள். பக்கத்தில் செய்த சின்னச் சோதனை, பெரிய வேலைக்குக் கவனத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறது. எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலர் இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டுக் கைவலி என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு ஏதோ, அதில் தப்பில்லை.

கறுப்புத் தேநீர் கைக்கு வந்த பிறகு பச்சைத் தேநீருக்குப் போகலாம். அதில் வாட்டத்தைத் தவிர்த்து, கிள்ளிய இலையை நேராகச் சூடான இரும்புச் சட்டியில் போட்டு நிமிடக் கணக்கில் புரட்டுவார்கள். சிவக்க வைக்கும் நொதியை அந்தச் சூடு கொன்றுவிடும். அதுவரை சிவக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட கைக்கு இது நேர் எதிரான பாடம், அதனால்தான் சுவாரசியம். வெள்ளைத் தேநீர் செய்முறையில் எளிது, ஆனால் மொட்டு மட்டும் சேர்ப்பது பெரும்பாடு. பாதி மட்டும் சிவக்க வைக்கும் ஊலாங் தேநீரைக் கடைசிக்கு வையுங்கள். இலை ஓரத்தை மட்டும் காயப்படுத்திப் பாதியில் நிறுத்தும் பக்குவத்தை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்பவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

காலமும் உங்களுக்குச் சாதகம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நம் மலையில் உறைபனி. கொழுந்து மெதுவாக வளரும், விளைச்சல் சரியும், ஆனால் வாசனை அப்போதுதான் உச்சம். நீலகிரித் தேயிலைக்கு வெளியே பெயர் வாங்கித் தந்ததும் இந்தக் குளிர்காலத் தேயிலைதான். தொழிற்சாலையில் வேலை குறையும் மாதங்களும் இவைதான்.

செய்ததை எப்படி மதிப்பிடுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள், ஏனென்றால் சொந்தமாகச் செய்ததற்கு நம் நாக்கு தாராளமாக மதிப்பெண் போடும். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம், இதுதான் சர்வதேசத் தர அளவு. இரண்டு வேறு நாள் செய்ததை ஒப்பிட, மூன்று கப் வையுங்கள். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எது எதில் என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் யாராவது ஊற்றி வைக்கட்டும். வித்தியாசமான கப்பைக் கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால், ஒரு தடவையை நம்பாமல் பல தடவை செய்யுங்கள். மூக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை தரும். இன்னொன்று, 1800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோத்தகிரியில் மென்மையாக இருக்கும் தேநீர் சென்னையில் கடுமையாக இறங்கலாம். கீழே இருக்கும் உறவினர் ஒருவருக்கு மாதிரி அனுப்பி அபிப்பிராயம் கேளுங்கள்.

மகன் சொல்லும் இயந்திரம் பற்றி. அவர் அக்கறை புரிகிறது, ஆனால் பணத்தை முதலில் போட்டுவிட்டால் அடுத்த நாளே விற்பனைக் கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும், கற்றுக்கொள்ளும் மனநிலை போய்விடும். சிறப்புத் தேயிலைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், விலையும் சி.டி.சியைவிடப் பல மடங்கு வரலாம். ஆனால் அளவு குறைவு, தொடர்ந்து வாங்குவார்களா என்பது நிச்சயமில்லை, பாக்கெட், கூரியர், உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று வேறொரு தொழிலே சேர்ந்து வரும். ஒரு குளிர்காலம் முழுக்கக் கையால் செய்து, மூன்று கப் சோதனையில் ஒரே மாதிரி நல்லதாக வர ஆரம்பித்த பிறகு இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம். அதுவரை இது சம்பாத்தியமாக வேண்டாம். இருக்கும் வேலையையும் விட வேண்டாம்.

பையன்கள் சிரிப்பார்களா? ஒருவேளை முதல் வாரம் சிரிக்கலாம். அவர்களில் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்து வேறு ஊர்க்காரர்கள் எப்படி உருட்டுகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்துக் காட்டட்டும், வாட்டம் பதமா இல்லையா என்று நீங்கள் சொல்லிக்கொடுங்கள். இலை பறிக்கும் பெண்களிடமும் கேளுங்கள், எந்தப் பாத்திக் கொழுந்து முந்துகிறது, எது மொட்டு வளராமல் பாஞ்சியாக நின்றுவிடுகிறது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வயதான பின் புதிதாகக் கற்பது இந்த மலைக்குப் புதிதும் இல்லை. 1961-ல் உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டறியப்பட்ட பிறகு, வாழ்நாளெல்லாம் கிழங்கு போட்டவர்கள் பலர் படிப்படியாகத் தேயிலைக்கு மாறினார்கள். 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. கவ்வாத்து (தேயிலைச் செடியை அளவாக வெட்டிவிடுவது) என்றால் என்னவென்று நடுவயதில் கற்றுக்கொண்ட அந்தத் தலைமுறையின் தோட்டங்களிலிருந்துதான் இன்று உங்கள் தொழிற்சாலைக்கு இலை வருகிறது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும் உண்மை. உங்களுக்கு இருக்கிறது, அவசரமில்லாமல் செய்யலாம்.

எழுத்தில் சொன்னது போதாது, யாராவது நேரில் காட்டினால் தேவலை என்று தோன்றினால், குன்னூர் க்ளென்வியூவில் உள்ள, தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். அப்புறம் உங்கள் தோட்டத்தில் இருப்பது விதைச் செடியா, தாய்ச்செடியின் தண்டை வெட்டி நட்டு வளர்த்த குளோனா, எந்த குளோன், தோட்டம் என்ன உயரத்தில் இருக்கிறது என்பதை இங்கே எழுதுங்கள். சி.ஆர்-6017 மாதிரி வாசனைக்குப் பெயர் போன குளோன் என்றால் வாட்டத்தை நான் மேலே சொன்னதிலிருந்து கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.